ஏட்டையாவும் வெள்ளை முட்டைகளும்

ஏட்டையா என்னை முதன்முதலில் பிடித்தது ஒரு கத்திரிச் செடிக்குப் பக்கத்தில் வைத்து. நல்ல நடுப்பகல். செங்கோட்டையில் பரோட்டாக் கடை வேலையை நான் விட்டிருந்தேன், அல்லது அது என்னை விட்டிருந்தது. தென்காசிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இடது குதிகாலில் கண்ணாடி குத்திய புண். இலத்தூர் விலக்கு தாண்டி ரோட்டோரமாக ஒரு வயல், வரப்பில் ஒரு வேப்பமரம். நிழலில் உட்கார்ந்தேன்.

"எந்திரிலே."

நிமிர்ந்து பார்த்தால் காக்கி டவுசர், போலீஸ் பெல்ட்டு, மேலே வெறும் உடம்பு, தோளில் துண்டு, கையில் மண்வெட்டி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மீசை மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகாமல் இருந்தது.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"இங்கன எதுக்கு உக்காந்திருக்கே?"

"கால் வலிக்கி அண்ணாச்சி."

"எந்தப் பக்கமா வந்தே?"

"செங்கோட்டைப் பக்கமா."

அவர் ரோட்டோர மண்ணில் நான் வந்த வழியே கொஞ்ச தூரம் குனிந்தபடி போய், என் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இடது காலை ஊணாமத்தான் வந்திருக்கே. பொய் சொல்லல. சாப்டியா?"

"இல்ல."

"அதுவும் உண்மைதான். அதுக்குத் தடம் பாக்க வேண்டாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வா."

அன்று அவர் வீட்டில் சோறு, புண்ணுக்கு மஞ்சள். மறுநாளிலிருந்து அவர் வயலில் வேலை. திருடன் என்று பிடித்தவரே வேலையும் கொடுத்தது எனக்கு அந்த ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி, பனியன் கம்பெனி, புனலூர் பக்கம் ரப்பர்த் தோட்டம் என்று எங்கேயும் காலூன்றியதில்லை. அந்த வயலிலும் ஒரு சீசன்தான் இருந்தேன். ஆனால் எத்தனையோ முதலாளிகளின் முகம் மறந்துபோன பிறகும் ஏட்டையாவின் குரல் மட்டும் காதில் நிற்கிறது. அந்தக் குரல் எதைப் பார்த்தாலும் முதலில் "எந்த ஊரு?" என்று கேட்கும். மாட்டைப் பார்த்தாலும் கேட்கும்.

ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊரே அவரை ஏட்டையா என்றது. அண்ணாச்சி என்று கூப்பிட்டவன் நான் ஒருத்தன்தான். அதனால் அவர் மனைவி எனக்கு மைனி ஆனாள். போலீஸ் வேலை அவரை விட்டுப் போனதே தவிர, அவர் அதை விடவில்லை. பால் திரிந்தால் விசாரணை. பம்புசெட்டு ஓடாவிட்டால் விசாரணை. ஐந்தருவிக்குக் குளிக்கப் போன இடத்தில் ஒருத்தருக்குச் செருப்பு தொலைந்தது. எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். ஏட்டையா படிக்கட்டில் நின்று போகிறவர்களின் முகத்தை மட்டும் பார்த்தார். "அடுத்தவன் செருப்பப் போட்டவன் தன் காலையே பாத்துக்கிட்டு நடப்பாம்லே" என்றார். அப்படி ஒருவன் வந்தான். செருப்பும் கிடைத்தது. ஏட்டையா அன்று ஈரத் துண்டோடு அருவிக்கரை முழுக்க ஒரு சுற்று சும்மாவே நடந்தார். அவ்வளவு சந்தோஷம்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. மைனி அல்வா டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். ஒருநாள் டப்பாவில் பாதியைக் காணவில்லை. விசாரணையை ஏட்டையாவே எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டார். பூனையை உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"நெய்க் கை மூடியோட இந்தப் பக்கம் பட்டிருக்கு. எடுத்தவன் இடதுகைக்காரன்."

"இந்த வீட்டுல இடதுகைக்காரரு ஒருத்தருதான இருக்காரு?" என்றாள் மைனி.

"எனக்கும் அவன் மேலதான் சந்தேகம்" என்றார் ஏட்டையா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அன்று அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இரண்டு கோதுமைத் தோசையோடு நிறுத்தப்பட்டது. தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்.

அந்த வயல் மைனியின் அப்பா மைனிக்குக் கொடுத்தது. பட்டா அவள் பேரில்தான். முந்தின வருஷமும் கத்திரி போட்டு, செடி காய்க்கிற நேரத்தில் சுருண்டு போயிருந்தது. குற்றாலத்தில் சீசன் வந்தால் அந்த ரோட்டில் கார் ஊர்ந்துதான் போகும். நிறுத்த இடம் இருக்காது. வயலைச் சமப்படுத்திச் சரளை போட்டுக் கார் நிறுத்த விட்டால் உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்று ஒரு காண்டிராக்டர் மைனியிடம் பேசி வைத்திருந்தார். மைனி புருஷனுக்குக் கெடு சொல்லிவிட்டாள்.

"சித்திரையில நட்டிருக்கீய. ஆடி பொறக்குததுக்குள்ள கூடை நெறையணும். இல்லன்னா சரளதான்."

"சரள போட்ட மண்ணுல பொறவு புல்லு கூட மொளைக்காது ஏட்டி."

"இப்ப மட்டும் என்ன மொளைக்கி?"

அந்த வயலைப் பிடுங்கிவிட்டால் பகலெல்லாம் வீட்டில் பூனையை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், பூனைக்கும் தெரியும்.

வயலை நடுவில் ஒரு வாய்க்கால் பிரிக்கும். ரோட்டுப் பக்கம் முன்பாதி. தென்னந்தோப்புப் பக்கம் பின்பாதி. வைகாசிக் கடைசியில் முன்பாதிச் செடிகள் மத்தியானமானால் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தன. காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருப்போம். மண் ஈரமாக இருக்கும், செடி வாடி நிற்கும். அதோடு இலையில் புழு. பச்சைப் புழு இலையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. பின்பாதியிலும் புழு இருந்தது, ஆனால் செடி நிமிர்ந்து நின்றது.

வேறு யாராக இருந்தாலும் மருந்துக் கடைக்கு ஓடியிருப்பார்கள். ஏட்டையா முன்பாதியில் ஒரு செடிக்கு முன்னால் குத்தவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, தண்ணி இருக்கு. பொறவு ஏன் வாடுது?"

"வெயிலு அண்ணாச்சி."

"பின்னால மட்டும் நிழலா அடிக்கி? யாரோ கீழ கைய வச்சிருக்கான்."

செடியை மண்ணோடு பிடுங்கி வாய்க்காலில் அலசினார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, உருத்திராட்ச மாலை மாதிரி வீங்கியிருந்தது. பின்பாதியில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் சுத்தமாக இருந்தது. எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த நிற்பு பழகியிருந்தது. கேஸ் துலங்கிவிட்டது என்று அர்த்தம்.

"உள்ளூர்க்காரன் தொணை இல்லாம வெளியூர்த் திருடன் வரமாட்டாம்லே. கீழ இருக்குதவன் உள்ளாளு. மேல திங்கான் பாரு, இவன் வெளியாளு. ரெண்டு பேருக்கும் தொடுப்பு இருக்கு."

ஒரு வகையில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. தப்பு அதற்கப்புறம் நடந்தது.

பின்பாதியில் இலைகளுக்கு அடியில் அவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். வெள்ளை வெள்ளையாக, குருணை அரிசியைப் பஞ்சில் புரட்டி ஒட்டிவைத்த மாதிரிக் கொத்துக் கொத்தாக இருந்தது. சில கொத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு புழு சோம்பிப் போய்க் கிடந்தது. எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரிச் சின்னக் கறுப்புப் பூச்சி ஒன்றிரண்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. முன்பாதியில் தேடித் தேடிப் பார்த்தும் அந்த வெள்ளை தட்டுப்படவே இல்லை.

"பாத்தியா? முன்னால கொள்ளை முடிஞ்சுட்டு. அங்கன இவனுக்கு வேலை இல்ல. பின்னால அடுத்த கொள்ளைக்கு ஆள் சேருது. முட்டை வச்சிருக்கான். தாயி பக்கத்துலயே படுத்துக் காவல் காக்கா. அந்தக் கறுப்புப் பய இருக்காம்லா, அவன்தான் தகவல் சொல்லுதவன். அம்புட்டும் பொரிஞ்சா நம்ம கதி என்னத்துக்கு ஆவும்?"

இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்பாதி முழுக்க அலசினோம். வெள்ளைக் கொத்துகளை இலையோடு கிள்ளி ஒரு பனையோலைக் கடவத்தில் சேர்த்தோம். ஏட்டையா வரப்பில் தென்னஞ்செத்தையைக் குவித்து, தீ வைத்து, கடவத்தை அதில் கவிழ்த்தார். சடசடவென்று பொரிந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். மைனியைக் கூப்பிட்டுச் சாம்பலைக் காட்டினார்.

"மொத்தக் கும்பலும் உள்ள" என்றார்.

மைனி சாம்பலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அல்வாவ எடுத்தவன மட்டும் இன்னும் வெளியில விட்டிருக்கீய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் பின்பாதியும் சல்லடை ஆனது. புழு குறைவதற்குப் பதில் கூடியது. ஏட்டையா செடிக்குச் செடி போய் நின்றார். மீசை கொஞ்சம் இறங்கியிருந்தது. "தப்பிச்சவன் எவனோ இருக்கான்" என்று முனகினார். தெளிப்பானை எடுத்துத் துடைத்து வைத்தார், மறுநாள் மருந்து அடித்துவிடுவது என்று.

மைனி அதற்கு முன்னால் போனை எடுத்துவிட்டாள். வேளாண்மை ஆபீசில் கடையத்துக்காரப் பெண் ஒருத்தர் இருந்தார். மைனிக்குத் தூரத்துச் சொந்தம். "எம்மா, இங்கன விசாரணை அதிகாரி மேல நம்பிக்கை போயிட்டு. மேலிடத்துல இருந்து ஒரு ஆள் வரணும்" என்றாள் மைனி. மறுநாள் காலையிலேயே மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சாரல் லேசாக விழுந்துகொண்டிருந்தது.

ஏட்டையா அட்டென்ஷனில் நின்று முழுக் கேஸையும் ஒப்பித்தார். எங்கே வாடல், எங்கே முடிச்சு, எங்கே புழு, எங்கே வெள்ளை முட்டை, எங்கே அது இல்லை, எப்போது பிடித்தது, எப்போது எரித்தது. மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். வெள்ளை முட்டை என்றதும் அவர் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஐயா, நீங்க பாத்தது எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான்... அது முட்டை இல்ல."

"பொறவு?"

"கூடு. ஒரு சின்னக் குளவி இருக்கு. அது புழுவோட உடம்புக்குள்ள முட்டை போட்டுரும். குஞ்சு உள்ள இருந்தே புழுவத் தின்னு வெளிய வந்து, இப்படி வெள்ளையாக் கூடு கட்டும். பக்கத்துல சோம்பிக் கிடந்துச்சுன்னு சொன்னீங்கள்லா, அது தாயி இல்ல. சாகப் போற புழு. அந்தக் கறுப்புப் பூச்சிதான் குளவி."

மேடம் பின்பாதியில் நடந்து, தேடி, இலைக்கடியில் நாங்கள் விட்டுவிட்ட ஒரு கொத்தைக் காட்டினார்.

"இது எப்படி இங்கன வந்துச்சு? யாரு சொல்லி வருது?" என்று கேட்டார் ஏட்டையா.

"செடி சொல்லித்தான். புழு இலையக் கடிச்சா செடி ஒரு வாசத்த விடும். அதப் பிடிச்சுக்கிட்டுக் குளவி வந்துரும்."

"வயர்லெஸ்ஸு."

"அப்படியே வச்சுக்கிடுங்க."

"அப்ப முன்பாதியில ஏன் வரல?"

"அதத்தான் நீங்க முதல்லயே கண்டுபிடிச்சிட்டீங்களே. அங்க வேர்ல நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. அது வேரக் கடிச்சுத்தான் முடிச்சு விழுது. மேலயும் கீழயும் சேர்ந்து அடி விழுந்தா செடியோட பேச்சே மாறிப் போகும். சில செடி கீழ அடி வாங்கினா மேல இன்னும் கசப்பா மாறி எதுத்து நிக்கும். சிலது தளர்ந்து போகும், வாசமும் மாறிரும். எல்லாச் செடியும் ஒண்ணுபோல இல்ல. உங்க முன்பாதியில கூப்பிட்ட குரல் குளவிக்குச் சரியாக் கேக்கலன்னுதான் நான் நெனைக்கேன்."

ஏட்டையா வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷம் தென்காசியில தேரோட்டம். அன்னைக்குன்னு பாத்து மெயினருவியில வெள்ளம். ஸ்டேஷன்ல இருந்தது ரொம்பக் கொஞ்சம் பேரு. தேருக்கு விடவா, அருவிக்கு விடவா? இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸ கையில வச்சுக்கிட்டு, என்ன பேசன்னு தெரியாம முழிச்சிட்டு நின்னாரு. இந்தச் செடியும் அப்படித்தான் நின்னிருக்கு. சவம், அதுக்கு வாய் இருந்தா என்னைத் திட்டியிருக்கும்." மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் எரிச்சது?"

மேடம் தயங்கினார். "உங்க ஆளுங்களத்தான்."

"மஃப்டியில வந்த நம்ம ஆளு" என்றார் ஏட்டையா.

மைனி அவ்வளவு நேரம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மேடமும் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஏட்டையா மட்டும் எழுந்து நின்று, இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றி, மைனியிடம் நீட்டினார்.

"சம்பவ இடத்துல நின்னவன விசாரிக்காமப் பிடிச்சது குற்றம். இன்னையில இருந்து நான் சஸ்பென்ஷன். வயலுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன். பொறுப்பு உன்னோடது."

"சரி. பெல்ட்டு இல்லாம அந்த டவுசர் நிக்காது. முதல்ல வேட்டிய எடுத்துக் கெட்டுங்க, ஊரு பாக்குது" என்றாள் மைனி.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து வேட்டியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். வரப்பைத் தாண்டவில்லை. மருந்து அடிக்கக் கூடாது, அடித்தால் மிச்சம் இருக்கிற குளவியும் செத்துவிடும், வெள்ளைக் கூட்டைத் தொடக் கூடாது, முன்பாதிச் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதன்படி மைனியும் நானும் முன்பாதியைப் பிடுங்கினோம். பாதி வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. காண்டிராக்டர் பைக்கில் போகும்போது அதைப் பார்த்துவிட்டு நின்றார். "தரையத் தயார் பண்ணிட்டீயளோ அக்கா?" என்று கேட்டார். ஏட்டையா மரத்தடியில் இருந்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

இனிமேல் எல்லாம் பின்பாதியில் இருந்தது. குளவி திரும்பி வந்தால் காய். வராவிட்டால் சரளை. ஆடிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

மைனிக்கு முதலில் அதில் அக்கறை இல்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டாரே என்று காலையில் ஒரு சுற்று வருவாள். புழுவைக் கண்டால் கையால் பிடித்து வாளித் தண்ணீரில் போடுவாள். சோம்பிக் கிடக்கிற புழுவை மட்டும் விட்டுவிடுவாள். மரத்தடியில் இருந்து குரல் வரும்.

"ஏட்டி, தெக்குக் கோடியில பாத்தியா?"

"சஸ்பென்ஷன்ல இருக்குத ஆளு கேள்வி கேக்கக் கூடாது."

"தகவல்தான கேட்டேன்."

"தகவல் வெளிய விடக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீய."

ஒரு வாரம் கழித்து மைனி காலையில் போனவள் வெயில் ஏறியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஒரு செடிக்கடியில் தரையோடு தரையாக உட்கார்ந்து, இலையைத் தொடாமல், கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். கறுப்புக் குளவி ஒன்று ஒரு புழுவின் முதுகில் ஏறி, வாலை வளைத்துக் குத்திக்கொண்டிருந்தது.

"ஊசி போடுதா பாரு" என்றாள் கிசுகிசுப்பாக. "இந்தா, இன்னொருத்தியும் வருதா. எந்தத் தோப்புல இருந்து வருதாளோ, வாசம் பிடிச்சு." பிறகு என்னை முறைத்தாள். "உங்க அண்ணாச்சிக்குச் சொல்லாத. துள்ளிக் குதிச்சு உள்ள வந்துருவாரு."

அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரப்பில் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைனி உட்கார்ந்திருந்த விதத்திலேயே அவருக்குத் துப்புக் கிடைத்திருக்கும்.

புழு அதன் பிறகு குறைந்தது. புதுத் தளிர் விட்டது, ஊதாப் பூ வைத்தது. ஆனிக் கடைசியில் காய் பறிக்க ஆரம்பித்தோம். முதல் பறிப்பில் கூடை நிறைந்தது. ஆனால் நிறைந்தது பாதி வயலின் கூடை. மைனி கெடு சொன்னது முழு வயலுக்கு. கூடையைப் பார்த்துவிட்டு அவள் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. ஏட்டையா வரப்பில் நின்றபடி கூடையைக் கண்ணால் எடை போட்டார்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் காண்டிராக்டர் டேப்போடு வந்தார். மைனி அவரைக் கூட்டிக்கொண்டு முன்பாதியில் நடந்தாள். அவர் வெறும் மண்ணில் டேப்பை விரித்து, கார் இப்படித் திரும்பும், அப்படி நிற்கும் என்று கையால் காட்டினார். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏட்டையா மரத்தடியில் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தீர்ப்பு சொல்லுத இடத்துல நான் தலையிடப்படாது" என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். ஆனால் கண் மட்டும் டேப்போடு நகர்ந்தது.

காண்டிராக்டர் வாய்க்காலைத் தாண்டிப் பின்பாதிக்கு வந்தார். மைனியும் பின்னாலேயே போனாள்.

"இதையும் சேத்து எடுத்துட்டா வேனு கூட நிக்கும்க்கா. சீசனுக்கு அம்புட்டுக் கூட்டம் வருது. இந்தக் கத்திரிக்காயில என்னத்த..." என்றபடி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "சே, பூச்சி முட்டை!" என்று சுண்டிவிட விரலை மடக்கினார்.

"கைய எடுலே!"

ரோட்டில் போன சைக்கிள்காரன் நின்றுவிட்டான். நான் டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். கத்தியது மைனி. பாய்ந்து போய் இலைக்கும் அவர் விரலுக்கும் நடுவில் தன் கையை வைத்திருந்தாள்.

"தொட்டீருன்னா தெரியும். அது நம்ம ஆளு!"

காண்டிராக்டர் மடக்கிய விரலோடு அப்படியே நின்றார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருக்கா?" என்றார்.

"உமக்குச் சொன்னாப் புரியாது. டேப்பச் சுருட்டும்."

"அப்பப் பார்க்கிங்கு?"

மைனி மூச்சு வாங்கினாள். முன்பாதியின் வெறும் மண்ணைப் பார்த்தாள், மரத்தடியைப் பார்க்கவில்லை. "அங்கன செண்டுமல்லி வைக்கப் போறோம். அது இருந்தா மண்ணுக்குள்ள இருக்குத புழு அடங்குமாம். மேடம் சொல்லியிருக்கா. ஓணத்துக்குக் கேரளாக்காரன் செங்கோட்டை தாண்டி வந்து பூவ அள்ளிட்டுப் போவான். அடுத்த வருஷம் அங்கனயும் கத்திரி. வாரவன் காரத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு நிக்கட்டும், எனக்கென்ன?"

காண்டிராக்டர் ஏட்டையாவைப் பார்த்தார், ஆம்பிளை ஏதாவது சொல்லுவார் என்று. ஏட்டையா எழுந்து நின்றிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பைக் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"அம்மா, என் சஸ்பென்ஷன்?"

"விசாரணை நடக்குது" என்றாள் மைனி. பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில், "உள்ள வாங்க. வந்து நம்ம ஆள ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. கையக் கட்டிக்கிட்டுப் பாக்கணும்" என்றாள்.

ஏட்டையா வரப்பைத் தாண்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாரலில் நனைந்தபடி பின்பாதியின் தெற்குக் கோடி வரை செடி செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போய், யாரையும் பிடிக்காமல் திரும்பி வந்தார்.